தொழில் நடத்தும் கல்வி: எது பயன் தருகிறது?

கூட்டுறவுச் சங்கங்கள் தம் நிகர லாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்திவருவதை அங்கத்தினர் யாவரும் அறிவர். அவ்வாறு செலுத்தியும், வகுப்புகளால் நெசவாளருக்கும் விவசாயிக்கும் விளைந்த நன்மை யாது என்று மகாசபைகளில் கேள்வி எழுவதுண்டு. பணம் அங்கத்தினருடையது, ஆகவே கேள்வியும் நியாயமானதே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தில் நாமே மூன்று நாள் வகுப்பு நடத்தினோம். பற்று, வரவு, குறிப்பேடு, பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு ஆகிய அனைத்தையும் கரும்பலகையில் எழுதி விளக்கினோம். வந்திருந்தோர் பொறுமையுடன் கேட்டு, கொடுத்த நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் கொண்டனர். ஆறு மாதம் கழித்து ஆய்வுக்காக அவ்வூர் சென்றபோது, அந்த நோட்டுப் புத்தகம் ஒரு வீட்டில் பால் கணக்குக்கும், மற்றொரு வீட்டில் குழந்தையின் வாய்ப்பாட்டுக்கும் பயன்பட்டு வரக் கண்டோம். மேற்கொண்டு வேறு வீடுகளில் விசாரிக்க நமக்கு மனம் வரவில்லை. குறை கேட்டவரிடமா, கற்பித்தவரிடமா என்னும் ஐயம் அன்று தோன்றியது.

இவ்வையத்துக்கு விடை தரும் ஆராய்ச்சிகள் பல நாடுகளில் நடந்துள்ளன. அவற்றின் முறையை முதலில் அறிதல் வேண்டும். வகுப்புக்குத் தாமே முன்வந்து பெயர் கொடுப்போர் இயல்பிலேயே ஊக்கமுடையோர். பிற்பாடு அவர்கள் முன்னேறினால், அது வகுப்பின் பயனா, அவர்தம் ஊக்கத்தின் பயனா என்று பிரித்துக் கூற இயலாது. ஆகவே ஆராய்ச்சியாளர் சீட்டுக் குலுக்குவதுபோல் ஆட்களைப் பிரித்து, ஒரு சாராருக்குக் கற்பித்து, மறு சாராருக்குக் கற்பியாது விட்டு, பின்னர் இரு சாராரையும் ஒப்பிடுகின்றனர்.

கரீபியக் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசில் அடோபெம் என்னும் சிறுகடன் நிறுவனத்திடம் கடன் பெற்றிருந்த சுமார் 1,200 சிறு தொழிலினரை இவ்விதம் மூன்றாகப் பிரித்தனர். ஒரு சாராருக்கு முறையான கணக்கியல் கற்பிக்கப்பட்டது. மற்றொரு சாராருக்குச் சில எளிய விதிகள் மட்டும் கூறப்பட்டன. மூன்றாமவருக்கு வகுப்பே இல்லை. டிரெக்ஸ்லர், ஃபிஷர், ஷோர் ஆகிய மூவரும் 2014-இல் வெளியிட்ட முடிவு கற்பிப்போர் யாவரையும் சற்று நாணச் செய்வது. முறையான கணக்கியல் பயின்றோர்க்கும் ஒன்றும் பயிலாதோர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. எளிய விதிகளைக் கேட்டவரோ கணக்கு வைக்கத் தலைப்பட்டனர். வியாபாரம் மந்தமான வாரங்களிலும் அவர்தம் விற்பனை மேம்பட்டது. முன்பு கணக்குப் பழக்கம் குன்றியிருந்தோரே அதிகப் பயன் அடைந்தனர்.

அவ்விதிகளுள் தலையாயது இது: தொழில் பணத்துக்கு ஒரு பெட்டி, வீட்டுப் பணத்துக்கு வேறொரு பெட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பணம் எடுத்தால் கடன் சீட்டு எழுதி வைக்க வேண்டும்.

நம் ஊர் வழக்கில் இதனைப் பார்ப்போம். மல்லிகை பயிரிடும் ஓர் அங்கத்தினர் தொழிலுக்கென வெறும் பை ஒன்றை ஏற்படுத்தி, ஒரு மாதம் பூ விற்ற 12,000 ரூபாயை அதில் இட்டார் என்று கொள்வோம். உரம், மருந்து, பறிகூலி ஆகியவற்றுக்கு 6,000 ரூபாய் சென்றது. வீட்டுக்கு மாதம் 4,000 ரூபாய் என்று முன்னரே வரையறுத்திருந்தார், அதனையும் எடுத்தார். இடையில் உறவினர் கல்யாணத்துக்கு மொய் எழுத 1,500 ரூபாய் வேண்டியிருந்தது. சீட்டு எழுதிப் போட்டுவிட்டு அதையும் எடுத்தார். மாத முடிவில் பையில் இருந்த ரொக்கம் 500 ரூபாய். சீட்டு இல்லையேல், பூவில் லாபமே இல்லை என்று செடியை நொந்துகொண்டிருப்பார். சீட்டையும் சேர்த்து எண்ணும்போது மிச்சம் 2,000 ரூபாய் என்பதும், வீடு தொழிலுக்கு 1,500 ரூபாய் கடன்பட்டுள்ளது என்பதும் புலனாகும். இதற்குப் பேரேடு வேண்டியதில்லை.

சங்கத்து நூலை வாங்கிக் கூலிக்கு நெய்வோருக்குத் தொழில் பை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நாடா, விழுது, அச்சு ஆகியவற்றின் தேய்மானத்தைக் கூலியிலிருந்துதானே ஈடுசெய்கிறோம்? அதனைப் பிரித்து வையாதவரே, தறி பழுதுற்ற நாளில் வட்டிக்குக் கடன் தேடி நிற்கின்றனர்.

மற்றோர் ஆராய்ச்சி நமக்கு மிக அண்மையது. அகமதாபாத்தில் 1974-இல் தோன்றிய சேவா பெண்கள் கூட்டுறவு வங்கி, தன் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு நாள் வகுப்பு நடத்தியது. சிலரைத் தனியே அழைத்தது. சிலரை ஒரு தோழியையும் உடன் அழைத்து வருமாறு கூறியது. பாடம் ஒன்றே. தனியே வந்தோரிடம் மாறுதல் காணப்படவில்லை. தோழியுடன் வந்தோர் கடன் பெற்றுத் தொழிலில் இட்டனர். அவர்தம் வியாபாரமும் குடும்ப வருமானமும் உயர்ந்தன. வெளியே செல்வதற்குச் சாதி சமய வழக்கங்களால் தடையுள்ள குடும்பத்துப் பெண்களிடம் இப்பயன் மிகுதியாக இருந்தது. 2016-இல் வெளியான இம்முடிவு, கூட்டுறவாளராகிய நம்மை வியப்பில் ஆழ்த்த வேண்டியதில்லை. ஆயினும் நம் வகுப்புகளுக்கு நாம் அங்கத்தினரைத் தனித்தனியே அல்லவா அழைத்து வந்தோம்?

ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டின் தலைநகரான லோமேயில் 1,500 சிறு தொழிலினரிடம் நடந்த சோதனையையும் சொல்ல வேண்டும். வழக்கமான வியாபாரப் பாடம் கற்றோரின் லாபம் 11 சதவீதம் உயர்ந்ததாகத் தெரிந்தது. எனினும் அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய அளவே. தாமே முன்முயற்சி எடுத்தல், புதியது தேடுதல், இடையூற்றை முன்னுணர்தல் ஆகியவற்றில் பழக்கப்பட்டோரின் லாபமோ 30 சதவீதம் உயர்ந்தது என்று 2017-இல் அறிவித்தனர். வகுப்பு முடிந்த பின்னரும் நான்கு மாதம் ஆசிரியர் மாதந்தோறும் அவரவர் கடைக்கே சென்று வழிகாட்டினார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆந்திர நாட்டுக் காக்கிநாடாவில் 1964-ஆம் ஆண்டிலேயே மக்லெலண்டு என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இவ்வழியில் முயன்று, பழைய நம்பிக்கைகளும் நடையுடையும் பயிற்சிக்குத் தடையல்ல என்று கண்டிருந்தார்.

நூல் விலை ஏறிக் கூலி நின்ற இடத்தில் நிற்கும்போது, வகுப்பு ஒன்றே வீட்டை நிமிர்த்திவிடும் என்று நாம் கூறவில்லை. அது வேறு வழக்கு. அதனை வேறு இடத்தில் வாதாட வேண்டும்.

அடுத்த வகுப்பை ஒரு நாளாகச் சுருக்கி, இரண்டு பை, கடன் சீட்டு, வீட்டுக்கு வரையறுத்த தொகை என்னும் மூன்றை மட்டும் கற்பித்து, பின் நான்கு மாதம் தறிமேடைக்கும் தோட்டத்துக்கும் நேரில் வருவதாகத் தீர்மானித்துள்ளோம். பெயர் கொடுக்கும் அங்கத்தினர்கள் தம் பெயருக்குக் கீழே, உடன் வரும் அண்டை வீட்டாரின் பெயரையும் எழுதிச் சங்கக் காரியதரிசியிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். நோட்டுப் புத்தகம் வழங்கப்படமாட்டாது. இரண்டு துணிப் பைகள் வழங்கப்படும்.