உப்பிய கெப்பாசிட்டரை மாற்றுவது எப்படி?

தம்பி தங்கைகளே, 1972-இல் பாயான் லெப்பாஸில் இன்டெல் ஆலை தொடங்கியதிலிருந்தே பினாங்குக்கு மின்னணுத் தொழில் பழக்கம். நாமும் கத்துக்கலாம்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்க. கழற்றிய பிறகும் பவர் சப்ளை பலகையின் பெரிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், ஆளையே அடிச்சிடும். புதியவர்கள் பேட்டரியில் ஓடும் பலகையில் பழகுங்கள்.

தலை உப்பியிருந்தால் கெப்பாசிட்டர் கெட்டுவிட்டது. கோடு போட்ட பக்கம் நெகட்டிவ், குறிச்சு வைங்க. புதியதை மாற்றிப் போட்டால் வெடிக்கலாம். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் குறையக் கூடாது.

காரீயம் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். கலக்காதது சுமார் 217-இல். உருகவில்லையா? கொஞ்சம் புது சால்டர் சேருங்க. உருகுமுன் இழுத்தால் செம்புத் தடமே உரிந்துவிடும். பொறுமைதான் இதில் முதல் கருவி.