கேம் நாவல் வாங்கலாமா? வாசகர் கருத்துகளை எக்செலில் எடை போடுங்கள்!

கம்ப்யூட்டர் கேமை அடிப்படையாக வைத்து எழுதப்பட்ட ஒரு நாவலை வாங்க நினைக்கிறீர்கள். இணையத்தில் தேடினால் வாசகர் கருத்துகள் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கின்றன. மேலே நட்சத்திரங்களின் சராசரியும் தெரிகிறது. ஆனால் அந்தச் சராசரி உங்களுக்குப் பொருந்துமா? எக்செல் புரோகிராமைக் கொண்டு இதை எப்படிக் கண்டறிவது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

என் சித்தப்பா விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். டிப்ளமோ படிக்கும் அவர் மகன், பாடப் புத்தகம் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. பத்தாவது வரை தமிழ் மீடியம். கம்ப்யூட்டரில் ‘ஹேலோ: ரீச்’ கேமை ஆடி முடித்தவன், ஒரு நாள் ‘ஹேலோ: த ஃபால் ஆஃப் ரீச்’ என்ற ஆங்கில நாவல் வேண்டும் என்றான். அவனாகக் கேட்ட முதல் புத்தகம் அதுதான். சித்தப்பா எனக்குப் போன் செய்தார். “வாங்கித் தர்றது பெருசில்லப்பா. புரியாம மூலையில போட்டுட்டான்னா, அப்புறம் புத்தகம்னாலே கிட்ட வர மாட்டான்” என்றார்.

நாவலைப் பற்றிச் சில தகவல்கள்

இதை எழுதியவர் எரிக் நைலண்ட். பங்கி நிறுவனம் உருவாக்கிய ‘ஹேலோ’ கேம், எக்ஸ்பாக்ஸுடன் 2001 நவம்பர் 15 அன்று வெளியானது. நாவல் அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்னதாகவே, 2001 அக்டோபர் இறுதியில் கடைக்கு வந்துவிட்டது. கேமின் கதாநாயகன் மாஸ்டர் சீஃப் எங்கிருந்து வந்தான் என்பதை இந்த நாவல் சொல்கிறது. 2517ஆம் ஆண்டு, ஜான் என்ற ஆறு வயதுச் சிறுவனிலிருந்து கதை தொடங்குகிறது. அவனோடு சேர்த்து 75 குழந்தைகளை வீட்டிலிருந்து ரகசியமாகக் கொண்டுபோய்ப் போர்வீரர்களாக வளர்க்கிறார்கள். கேமில் சுட்டுக்கொண்டே ஓடும்போது தெரியாத இந்தப் பின்கதைதான் பல வாசகர்களைக் கவர்ந்தது.

குறை சொல்பவர்களும் உண்டு. ‘ஹேலோ: ரீச்’ கேம் 2010இல் வந்தது. அதில் ரீச் கிரகத்தின் வீழ்ச்சி வாரக்கணக்கில் நீள்கிறது. நாவலில் மிக விரைவில் முடிந்துவிடுகிறது. ‘பில்லர் ஆஃப் ஆட்டம்’ விண்கலம் கேமில் தரையில் நிற்கிறது. நாவலில் விண்வெளியில் இருக்கிறது. கேமில் நாம் ஆடும் நோபிள் குழு நாவலில் இல்லவே இல்லை. கேமை ஆடிவிட்டு நாவலுக்கு வந்தவர்களுக்கு இது உறுத்தும். கேமே ஆடாதவருக்கு இந்த உறுத்தல் வராது. ஆனால் மாஸ்டர் சீஃப் மீது முன்கூட்டியே ஈர்ப்பும் இருக்காது.

ஆக, ஒரே புத்தகத்தை இரண்டு வகை வாசகர்கள் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். சராசரி இவர்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறது. கலந்ததைப் பிரிப்பதுதான் நம் வேலை.

எக்செலில் செய்ய வேண்டியவை

1. புதிய ஒர்க்‌ஷீட்டைத் திறந்து நான்கு நெட்டு வரிசைகளுக்குத் தலைப்புக் கொடுங்கள்: ‘ஆடியவரா’, ‘நட்சத்திரம்’, ‘ஆண்டு’, ‘காரணம்’.

2. கருத்துகளைப் படித்து, ஒவ்வொன்றையும் ஒரு படுக்கை வரிசையில் பதியுங்கள். எழுதியவர் கேமை ஆடியவரா என்பது பெரும்பாலும் அவர் எழுத்திலேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் ஊகம் செய்யாமல் ‘தெரியாது’ என்று போடுங்கள்.

3. தலைப்புகளோடு சேர்த்து எல்லாவற்றையும் செலக்ட் செய்து, ‘டேட்டா’ டேபில் ‘சார்ட்’ கிளிக் செய்யுங்கள். ‘ஆடியவரா’ தலைப்பைத் தேர்ந்தெடுத்து ஓகே தட்டுங்கள். ஒரே வகையினர் அடுத்தடுத்து வந்துவிடுவார்கள்.

4. ஒரு வகையினரின் நட்சத்திர எண்களை மட்டும் மவுஸால் செலக்ட் செய்யுங்கள். கீழே ஸ்டேட்டஸ் பாரில் அவர்களின் சராசரி தெரியும். அடுத்த வகைக்கும் இதையே செய்யுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இவை பாடத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஆடியவர்கள் 9 பேர் தந்த நட்சத்திரங்கள் மொத்தம் 42. ஆடாதவர்கள் 3 பேர் தந்தவை 8. எல்லாம் சேர்த்து 50. அதை 12ஆல் வகுத்தால் சராசரி 4.17. பிரித்துப் பார்த்தால் ஆடியவர்களின் சராசரி 4.67, ஆடாதவர்களின் சராசரி 2.67. கேமே தெரியாத ஒருவர் 4.17ஐ நம்பி வாங்கினால் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆடாத 3 பேரில் 2 நட்சத்திரம் தந்த ஒருவர் 5 தந்திருந்தால் அந்தச் சராசரி 3.67 ஆகிவிடும். ஒரே ஆள் ஒரு முழு நட்சத்திரத்தைத் தூக்கிவிடுகிறார்! ஆடிய 9 பேரில் ஒருவர் அதே அளவு மாறினால் 0.33தான் நகரும். ஆகவே சராசரியோடு எத்தனை பேர் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

‘ஆண்டு’ எதற்கு என்று கேட்கலாம். 2010க்கு முன் எழுதிய யாரும் புதிய கேமோடு முரண்படுகிறது என்று குறை சொல்லியிருக்க முடியாது. தம்பி ஆடியதோ அந்த கேமைத்தான். எனவே அவனைப் பொறுத்தவரை அதற்குப் பின் வந்த கருத்துகளுக்கே மதிப்பு அதிகம்.

சித்தப்பா என்ன சொன்னார்?

அந்த வாரம் ஊருக்குப் போனபோது ஷீட்டைக் காட்டினேன். “சூளையில இருந்து வர்ற கப்ப நான் தட்டிச் சத்தம் கேப்பேன். கடைக்காரர் மேல இருக்கிற பளபளப்பப் பார்ப்பார். ரெண்டு பேர் சொல்றதையும் சேத்து வகுத்தா கப்புல விரிசல் இருக்கான்னு தெரியுமா?” என்று சிரித்தார். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை ஆனந்த விகடனில் வாராவாரம் படித்தவர் அவர். கேம் எதுவும் ஆடியதில்லை. அவர் படிப்பதானால் இரண்டாவது வகையில் வருவார். தம்பி முதல் வகை.

ஆனால் அவருடைய உண்மையான கவலைக்கு என் ஷீட்டில் இடமே இல்லை. தமிழ் மீடியத்தில் படித்த பையனுக்கு இந்த ஆங்கிலம் புரியுமா? இதற்கு எந்த நட்சத்திரமும் பதில் சொல்லாது. மின்நூல் கடையில் இலவசமாகக் கிடைத்த மாதிரிப் பக்கங்களைத் தம்பி கையில் கொடுத்தேன். முதல் பக்கத்துக்கே கால் மணி நேரம் ஆனது. ஆனாலும் அடுத்த பக்கத்தை அவனாகவே புரட்டினான். அதைப் பார்த்த பிறகுதான் சித்தப்பா பணம் எடுத்தார்.

இப்போது பாதி நாவல் முடித்திருக்கிறான். இரவில் போன் செய்து வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்கிறான். முடித்ததும் அவனும் கருத்து எழுதப் போகிறானாம். நீங்களும் எழுதும்போது, கேமை ஆடியவரா இல்லையா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் வந்து படிப்பவருக்கு நீங்கள் தரும் நட்சத்திரத்தைவிட அந்த ஒரு வரி அதிகம் உதவும்.