தொலைக்காட்சியும் உடற்பருமனும்

சங்கரன்கோவில் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். கைத்தறியில் அமர்ந்தவர் காலால் மிதித்தும் கையால் நாடாவைச் செலுத்தியும் நாள் முழுதும் உழைத்தார். விசைத்தறி வந்தபின் அவ்வுழைப்பில் பெரும்பகுதியை மின்சாரம் ஏற்றுக்கொண்டது. மாலையில் இல்லம் திரும்பியவரைத் தொலைக்காட்சி நாற்காலியில் அமர்த்திவிட்டது. உழைப்புக் குறைந்தது, உணவு குறையவில்லை. செலவாகாத உணவு உடலில் கொழுப்பாகத் தங்குகிறது.

இஃது ஓர் ஊரின் நிலை மட்டுமன்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் மிகுஎடை உடையோர் 2015-16இல் நூற்றுக்கு 31 பேர். 2019-21இல் 40 பேர்.

“நாம் புலால் உண்பதில்லை, நமக்கு இக்கவலை ஏன்?” எனச் சிலர் எண்ணலாம். முறுக்கும் சீவலும் இனிப்பும் புலால் கலவாதவையே. ஆயினும் எண்ணெயும் சருக்கரையும் மிகுந்த அவற்றை அளவின்றி உண்டால் உடல் பருக்கும்.

தொலைக்காட்சி எவ்வாறு எடையைக் கூட்டுகிறது? அசையாது அமர்தல் ஒரு காரணம். மற்றொரு காரணத்தை அமெரிக்க ஆய்வொன்று சுட்டுகிறது. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இரு தொடக்கப்பள்ளிகளை ஒப்பிட்டு ராபின்சன் என்னும் மருத்துவர் செய்த அவ்வாய்வு 1999இல் வெளியாயிற்று. ஒரு பள்ளியின் மூன்றாம், நான்காம் வகுப்பு மாணவர்க்குத் தொலைக்காட்சி நேரத்தைக் குறைக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. மற்றப் பள்ளி மாணவரைவிட இவர்களது உடற்பருமன் குறைவாகவே கூடிற்று. இவர்கள் மிகுதியாக ஓடியாடியதாகத் தெரியவில்லை. ஆனால் தொலைக்காட்சியின் முன் உண்ட வேளைகள் குறைந்திருந்தன.

காரணம் எளிது. கண்ணும் மனமும் திரையில் இருக்க, கை மட்டும் தட்டிற்குச் செல்கிறது. வயிறு நிறைந்ததை மனம் உணர்வதில்லை.

நம் முன்னோர் புறத்தவம் ஆறனுள் இரண்டாவதாக அவமோதரியத்தை வைத்தனர். வயிறு நிரம்புமுன் எழுதலே அது. உண்பதில் கருத்தூன்றாதவர்க்கு அந்நோன்பு கைகூடுமா? பொழுது சாயுமுன் உண்ணும் இல்லத்திலும், பின்னர்த் தொடர்களைப் பார்த்தவாறு நொறுக்குத்தீனி கொறித்தால் நோன்பும் கெடும், உடலும் கெடும்.

ஆகவே மூன்றினைக் கடைப்பிடிப்போம். தொலைக்காட்சியோ கைப்பேசியோ இயங்கும்போது உண்ணலாகாது. மாலையுணவுக்குப்பின் குடும்பத்தோடு சிறிது நடத்தல் வேண்டும். சிறுவர் நாள்தோறும் ஒருமணி நேரமேனும் ஓடியாடல் வேண்டும் என உலக நல நிறுவனமும் கூறுகிறது. விடுமுறை நாளில் திரையின்முன் அமராது, சங்கரன்கோவிலுக்கு அண்மையிலுள்ள கழுகுமலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பாறையேறித் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கி வருதல் உள்ளத்திற்கும் உடலுக்கும் ஒருங்கே நலம் பயக்கும்.