முன்னோரை எழுதி வைப்போம்
(குடிவழிப் பதிவு பற்றிய ஒரு பாடம்)



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த குடியிருப்பொன்றில் என் மகன் இல்லத்தில் வாழ்ந்து வருகிறேன். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரச் சிற்றூர்களிலிருந்து தொழில் நிமித்தம் வந்த நம்மவர் குடும்பங்கள் திருவள்ளூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை ஆங்காங்கே சிதறி வாழ்கின்றன. ஊரில் இருந்தவரை எதிர்வீட்டில் பெரியப்பாவும் பின்தெருவில் அத்தையும் இருந்தனர். யார் யாருக்கு என்ன உறவு என்று எவரும் எழுதி வைக்க வேண்டியிருக்கவில்லை. இன்று பிள்ளைகளுக்கு அந்த ஊரே விடுமுறையில் காணும் ஊராகிவிட்டது.

சென்ற ஆண்டு நான்காம் வகுப்புப் பயிலும் என் பேத்தி, பள்ளியில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள் என்று ஒரு தாளுடன் வந்து அமர்ந்தாள். என் கணவர் வழியில் நான்கு தலைமுறை ஆடவர் பெயர்களைத் தடையின்றிச் சொன்னேன். அவள் விடவில்லை. “ஆயா, உங்க ஆயாவோட அம்மா பேரு என்ன?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நான், என்னைப் பெற்றவளின் பாட்டி பெயரை அறியாதவளாய் அன்று தலைகுனிந்தேன்.

அதனினும் பெரிய வருத்தம் ஒன்றுண்டு. என் பெரியப்பா தம் கணக்குப் பேரேட்டின் முதற் சில பக்கங்களில் எங்கள் குடிவழியை எழுதி வைத்திருந்தார். ஊர் வீட்டை விற்றபோது, செல்லரித்த கட்டுகளோடு அப்பேரேட்டையும் பழைய காகிதம் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டோம். போடச் சொன்னவள் நானே. அக்குற்றத்திற்குக் கழுவாயாகவே இப்பாடத்தை எழுதுகிறேன்.

1. சமணர் முன்னோரைப் போற்றலாமா?

ஆடி அமாவாசையன்று அண்டை வீட்டார் நீர்க்கடன் செய்வதைக் காணும் நம் பிள்ளைகள், “நாம் ஏன் செய்வதில்லை?” என்று கேட்கின்றனர். இதற்கு விடை கூறாமல் குடிவழி பற்றிப் பேசுதல் பொருந்தாது.

உடலை நீத்த உயிர் தன் வினைக்கேற்ற அடுத்த பிறவியை ஒரு சில சமயங்களுக்குள் அடைந்துவிடுகிறது என்பது நம் ஆகமக் கொள்கை. சமயம் என்பது காலத்தின் மிக நுண்ணிய அளவு. ஆகவே நாம் இடும் சோற்றுக்காகவோ நீருக்காகவோ எந்த உயிரும் எங்கும் காத்திருப்பதில்லை. ஒருவர் செய்த வினையை மற்றொருவர் துய்க்கவும் இயலாது.

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியம் இதனைக் கதையாக விளக்குகிறது. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட தீவினையால் யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும் பல விலங்குப் பிறவிகளில் உழல்கின்றனர். மகன் யசோமதி, தன் தந்தையும் பாட்டியும் நற்கதி பெறுதற்பொருட்டு விருந்திடுகிறான். அவ்விருந்துக்கென்று சமைக்கப்பட்ட உயிர் அவன் தந்தையே! இறுதியில் அவ்விருவரும் அபயருசி, அபயமதி என்னும் பெயருடன் யசோமதியின் மக்களாகவே பிறக்கின்றனர். முன்னோரைப் போற்றுவதாக எண்ணி முன்னோரையே வருத்தும் அறியாமையை இதனினும் கூர்மையாக யாரும் சொல்லிவிட முடியாது.

அப்படியாயின் முன்னோரை மறந்துவிடலாமா? கூடாது. அவர்கள் நம்மிடம் உணவை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் நாம் அவர்களிடம் பெற்றவை பல. புலால் மறுத்த உணவு, இரவில் உண்ணாமை, பிறப்பிலேயே கிடைத்த ஜினாலய வழிபாடு ஆகிய யாவும் அவர்கள் இடுக்கண்களுக்கு நடுவே காத்துக் கொடுத்தவை. பெற்றதை அறிந்திருத்தல் நன்றியறிதல். நன்றியறிதல் இல்லறத்தார்க்கு உரிய அறம்.

2. எழுத்தும் எண்ணும் மகளிர்க்கே முதலில்

ஆதிபகவன் இல்லறத்தில் இருந்த காலத்தில் தம் மகள் பிராமிக்கு எழுத்தையும், மற்றொரு மகள் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்று நம் புராணங்கள் கூறுகின்றன. எழுத்தறிவு முதன்முதலாகப் பெண்ணின் கையில் தரப்பட்டது என்று பெருமை பேசும் மரபு நம்முடையது. அந்த மரபில் வந்த நம் வீட்டுக் குடிவழிப் பட்டியல்களில் பெண்களின் பெயர்கள் எங்கே?

சுந்தரி கற்ற எண்ணைக் கொண்டு ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்போம். ஒவ்வொருவருக்கும் பெற்றோர் 2. பாட்டன் பாட்டியர் 4. அவர்களைப் பெற்றோர் 8. இவ்வாறு இரட்டித்துக்கொண்டே சென்றால் பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள் உள்ளன. தந்தைவழிப் பட்டியல் அத்தலைமுறையில் ஒரே ஒருவர் பெயரைச் சொல்லி மற்ற 1,023 இடங்களையும் விட்டுவிடுகிறது. நம்மைப் போன்ற சிறு சமூகத்தில் உறவுக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்ததால் ஒருவரே இரண்டு மூன்று இடங்களில் வருதலும் உண்டு. எனினும் விடுபட்டவர் மிகப் பலர் என்பதில் ஐயமில்லை.

3. தாயனூரின் முதல் தாம்பூலம்

ஒரு குடும்பத்தின் முன்னோரை ஒரு சமூகமே நினைவில் வைத்துப் போற்றியதற்கு நம்மிடையே சிறந்த சான்று ஒன்றுண்டு.

செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பவனின் சினத்திற்கு ஆளாகி, 1478ஆம் ஆண்டளவில் அச்சீமைச் சமணர் பெருந்துன்பம் உற்றனர் என்பது வழிவழியாக வழங்கும் வரலாறு. சிலர் உயிரிழந்தனர், சிலர் ஊரை விட்டு அகன்றனர், சிலர் அஞ்சிச் சமயம் மாறினர், சிலர் மறைவாக நோன்பு காத்தனர். அவ்வாறு மறைவாக வழிபட்டபோது அகப்பட்டு உயிர்தப்பிய வீரசேனர் என்பவர் சிரவணபெளகொளா சென்று துறவு பூண்டு ஆகமம் பயின்றார். திண்டிவனம் பகுதித் தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்து, பின்னர் சிரவணபெளகொளா சென்று வீரசேனரை அழைத்து வந்தார். இருவரும் செஞ்சிச் சீமையில் ஊர் ஊராகச் சென்று, பிரிந்து போனவர்களை மீண்டும் நெறிக்குக் கொண்டுவந்தனர்.

1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவர நூலில் டபிள்யூ. பிரான்சிஸ் இவ்வரலாற்றை எழுதினார். காங்கேய உடையாரின் வழித்தோன்றல்கள் அக்காலத்தும் தாயனூரில் வாழ்ந்ததையும், நம்மவர் விழாக்களில் அவர்களுக்கே முதல் தாம்பூலம் வழங்கப்பட்டதையும், சித்தாமூர் மடத்தின் தலைவரைத் தேர்வதில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பிருந்ததையும் அந்நூல் குறிப்பிடுகிறது.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியன இரண்டு. ஒன்று, ஒருவர் செய்த நற்செயலே நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக நினைக்கப்பட்டது. அவர் செல்வமோ நிலமோ நினைக்கப்படவில்லை. மற்றொன்று, அத்தனை காலமும் வாய்மொழியாகவும் ஒரு வெற்றிலை மரியாதையாகவும் நின்ற அந்நினைவு, எழுத்தில் ஏறியதால்தான் இன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கும் நமக்கும் எட்டுகிறது.

4. கல்லும் ஏடும் காத்தவை

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அக்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. 30 நாள் நோன்பிருந்த இளையபட்டாரருக்கும் அங்கே நிசீதிகை உண்டு. பெயர், நோன்பு, நாட்கணக்கு ஆகிய மூன்றே செய்திகளைச் சொல்லும் சிறு கல்வெட்டுகள் அவை. பல நூற்றாண்டுகள் கடந்தும் அவர்களை நாம் வணங்குகிறோம்.

கழுகுமலையில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் செதுக்கப்பட்ட திருவுருவங்களின் கீழ் வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் குரத்தியார் எனப்பட்ட பெண்பால் ஆசிரியர்களின் பெயர்களும் உள்ளன. கல்லில் வெட்டியவர்கள் பெண்களை மறக்கவில்லை. காகிதத்தில் எழுதிய நாமே மறந்தோம்.

1880இல் சீவக சிந்தாமணியைப் பயிலத் தொடங்கிய உ. வே. சாமிநாதையர், பொருள் விளங்காத இடங்களைக் கேட்டறியக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடினார். அங்கே சிந்தாமணியை வீட்டில் வைத்துப் படித்து நிறைவு செய்து விழாக் கொண்டாடும் வழக்கம் இருந்தது. சந்திரநாத செட்டியார் போன்றோர் சொல்லிய விளக்கங்கள் அவருக்குப் பெரிதும் உதவின. 1887இல் அந்நூல் அச்சேறியது. பாட்டன் படித்ததை மகனும், மகன் படித்ததைப் பேரனும் படித்த சில வீடுகளால் ஒரு பெருங்காப்பியத்தின் பொருள் தமிழுலகுக்குக் கிடைத்தது.

5. எழுதும் முறை

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதி, ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்பது. குடிவழி எழுதவும் அதுவே முறை.

(அ) குழந்தையின் பெயரிலிருந்து தொடங்குக. அதன்பின் பெற்றோர், பாட்டன் பாட்டி, பூட்டன் பூட்டி என மேலேறுக. ஒவ்வோர் ஆடவர் பெயருக்கு அருகிலும் மனைவியின் பெயர், அவள் பிறந்த ஊர், அவளைப் பெற்றோர் பெயர் ஆகியவற்றை எழுதுக. மணமாகிச் சென்ற மகளிரையும் அவர்தம் மக்களையும் விடாது சேர்க்க.

(ஆ) வீட்டில் மூத்தவரை இன்றே கேட்க. அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு பின்னர் எழுதலாம். “உங்கள் திருமணத்திற்கு யார் யார் வந்தார்கள்?” என்று கேட்டால், வெறுமனே பெயர் கேட்பதைவிட மிகுதியான செய்திகள் வெளிவரும்.

(இ) சான்றுகளைத் திரட்டுக. பழைய கிரயப் பத்திரங்களில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று இரு தலைமுறைகள் வரும். திருமண அழைப்பிதழ்கள், பள்ளிச் சான்றிதழ்கள், ஊர் ஜினாலயத்தில் திருப்பணிக்கு உதவியோர் பெயர்ப் பலகைகள் ஆகியனவும் உதவும்.

(ஈ) தமிழ் ஆண்டுப் பெயர்களில் விழிப்பாக இருக்க. அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் மீண்டும் வரும். ‘விரோதி ஆண்டு ஆவணி’ என்றிருந்தால் அது 1889ஆகவும் இருக்கலாம், 1949ஆகவும் இருக்கலாம். அவரோடு பிறந்தவர், அவர் மக்கள் ஆகியோரின் வயதைக் கொண்டு தெளிக.

(உ) ஐயமுள்ளதை ஐயமுள்ளதாகவே குறிக்க. யார் சொல்லக் கேட்டது என்பதையும் எழுதுக. இல்லாத பெருமையைப் புனைதல் பொய்யாமை அணுவிரதத்திற்கு ஊறு.

(ஊ) மூன்று படிகள் எடுத்து மூன்று ஊர்களில் உள்ள உறவினர் வீடுகளில் வைக்க. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் நம் மாவட்டத்திலும் எத்தனையோ வீடுகளில் ஆவணங்கள் நனைந்தழிந்தன. ஒரு வீட்டில் மட்டும் இருப்பது ஒரு மழையோடு போய்விடும்.

(எ) பழைய ஓலைச்சுவடி இருப்பின் அதனை ஆற்றில் விடுவதோ எடைக்குப் போடுவதோ கூடாது. படிக்க அறிந்தவரிடம் காட்டுக. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் உள்ளது.

இதனால் உலகியல் பயனும் உண்டு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் பொருந்தும். 1989இல் தமிழ்நாட்டிலும், 2005இல் நாடு முழுவதிலும் செய்யப்பட்ட திருத்தங்கள் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளிர்க்கும் பங்குரிமை தந்தன. பெண்கள் பெயரும் உள்ள குடிவழிப் பதிவு, பின்னாளில் உடன்பிறந்தோரிடையே மனக்கசப்பு எழாமல் காக்கும்.

6. ஓர் எச்சரிக்கை

நற்காட்சிக்கு இழுக்காகும் எட்டு மதங்களுள் குலச் செருக்கும் ஒன்று. தந்தைவழிச் செருக்கைக் குலமதம் என்றும், தாய்வழிச் செருக்கைச் சாதிமதம் என்றும் ஆன்றோர் பிரித்துரைப்பர். “எங்கள் குடியே உயர்ந்தது” என்று காட்டுவதற்காகக் குடிவழி எழுதுபவர் வினையைத் தேடிக்கொள்கிறார். இப்பிறவியின் தந்தை முற்பிறவியில் நமக்கு மகனாகவும் பகைவனாகவும் இருந்திருக்கலாம் என்பது சம்சார அனுப்பிரேட்சையின் சிந்தனை. பற்றின்றியும் நன்றியோடும் எழுதுக.

7. எந்நாளில் தொடங்குவது?

தரசேனாசாரியரிடம் பாடம் கேட்ட புட்பதந்தரும் பூதபலியும், நினைவாற்றல் குன்றிவரும் காலத்தில் ஆகமப் பொருள் அழிந்துவிடலாகாதென்று ஷட்கண்டாகமத்தை எழுத்தில் அமைத்தனர். அது நிறைவுற்ற நாளே சுருத பஞ்சமி. அன்று ஏடுகளைத் தூசு தட்டி, வெயிலில் காயவைத்து, பூசிப்பது நம் வழக்கம். அந்நாளில் ஆகம நூல்களை வணங்கியபின் குடிவழி ஏட்டையும் எடுத்து, அவ்வாண்டு பிறந்தோர், மணந்தோர், மறைந்தோர் பெயர்களைப் பிள்ளைகளின் கையாலேயே எழுதச் செய்வோம். மறைந்தோர் பெயரால் உயிர்களுக்கு உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் ஆகிய நால்வகைத் தானங்களுள் ஒன்றைச் செய்வோம். அதன் பயன் செய்யும் நமக்கே எனினும், அதற்குக் காரணமாக நின்ற நினைவு அவர்களுடையது.

என் பேத்தியின் தாளில் ஓரிடம் இன்னும் வெறுமையாக உள்ளது. அதில் பெயருக்குப் பதிலாக, ‘இவரும் இரவில் உண்ணாதவர், தம் மகளுக்கும் அதனைக் கற்பித்தவர்’ என்று எழுதச் சொன்னேன். அவர் பெயர் பேரேட்டோடு போயிற்று. அவர் கற்பித்தது எங்கள் வீட்டில் இன்றும் மாலை விளக்கேற்றும் முன் உணவாக நிகழ்கிறது.

பயிற்சி வினாக்கள் (குடும்பத்தோடு அமர்ந்து விடை காண்க)

1. உங்கள் தாயைப் பெற்ற பாட்டியின் தாயார் பெயரும் பிறந்த ஊரும் யாவை?
2. உங்கள் குடும்பத்தில் நோன்பு, தானம், கல்வி இவற்றால் நினைக்கத்தக்கவர் யார்? அவரைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.
3. யசோமதி செய்த பிழை யாது? முன்னோரைப் போற்ற அவன் வேறு என்ன செய்திருக்கலாம்?
4. உங்கள் வீட்டில் 50 ஆண்டுகளுக்கு முற்பட்ட காகிதங்கள் எவை உள்ளன? அவை எங்கே வைக்கப்பட்டுள்ளன?

அறம் வளர்க! அருகன் நெறி வாழ்க!