கால்பந்தாட்டத்தில் பிரீ கிக்

சென்ற ஆண்டு இரு விடுதியாருக்கிடையே நிகழ்ந்த கால்பந்துப் போட்டியில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தபொழுது எங்களுக்கு ஒரு பிரீ கிக் வழங்கப்பட்டது. எதிரியொருவன் எங்கள் தோழன் முகத்தருகே காலை உயர்த்தியதே அதற்குக் காரணம். யான் உதைத்த பந்து, கோல் காவலன் கைக்கு எட்டாது நேரே கோலினுட் புகுந்தது. நாங்கள் ஆர்ப்பரித்தோம். நடுவரோ கோல் இல்லையென்று கூறி எதிரணிக்குக் கோல் கிக் கொடுத்தார். ஒரு கோலில் தோற்றோம். நடுவராய் நின்ற மூத்த மாணவரை நடுவுநிலை தவறியவரெனப் பலரறியப் பழித்தேன். அன்றிரவு ஆட்ட விதிகளை எடுத்துப் படித்த பின்னரே பிழை யாருடையது என்பது விளங்கிற்று. அன்று கற்றதனை, என்னைப் போன்றார்க்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதலானேன்.

பிரீ என்னுஞ் சொல்லை இலவசம் எனக் கொள்வாரும் உளர். அப்பொருள் ஈண்டுப் பொருந்தாது. தடையின்றி உதைத்தல் என்பதே கருத்து. ஓடும் ஆட்டத்தில், பந்தை உடையவனை எதிரி எந்நேரமும் நெருங்கலாம். பிரீ கிக்கின்போதோ, தம் கோற்கம்பங்களுக்கிடையே கோட்டின்மீது நிற்பாரொழிய, எதிரணியினர் யாவரும் பந்தினின்று 10 கஜம், அஃதாவது 9.15 மீட்டர், விலகி நிற்றல் வேண்டும். 1913-க்கு முன் இத்தொலைவு 6 கஜமாகவே இருந்தது. பந்து அசையாது கிடத்தல் வேண்டும். உதைத்தவன், பிறரொருவர் தொடுமுன் அதனை மீண்டுந் தொடலாகாது.

இவ்வுதையின் பிறப்பு வியப்புக்குரியது. 1863-இல் இலண்டன் நகரில் வகுக்கப்பட்ட முதல் விதிகளில், உயரே வரும் பந்தைச் செவ்வையாய்க் கையிற் பிடித்து, உடனே குதிகாலால் நிலத்தில் அடையாளமிட்டவனுக்கே பிரீ கிக் உரியதாயிற்று. அன்று அது திறமைக்குப் பரிசு. 1866-இல் அவ்வழக்கம் நீக்கப்பட்டது. பின்னரே, தவறிழைக்கப்பட்ட அணிக்குரிய ஈடாக அது மாறியது.

இக்காலத்து பிரீ கிக் இருவகைப்படும். ஒன்று நேர்முக உதை. மற்றொன்று மறைமுக உதை. எதிரியை உதைத்தல், இடறிவிடல், தள்ளுதல், அடித்தல், பற்றி நிறுத்தல், பந்தைக் கையாற் கையாளுதல் முதலிய குற்றங்களுக்கு நேர்முக உதை வழங்கப்பெறும். அதிலிருந்து பந்து நேரே கோலாகலாம். ஆப்சைடு, ஒருவர்மேலும் படாத ஆபத்தான ஆட்டம் முதலியவற்றுக்கு மறைமுக உதையே உண்டு. இதிற் பந்து மற்றொருவர்மேற் பட்ட பின்னரே கோலாகும். படாது எதிரியின் கோலிற் புகுந்தால் கோல் கிக். இவ்வேறுபாட்டை அறிவித்தற்பொருட்டு, மறைமுக உதையின்போது நடுவர் தம் கையைத் தலைக்குமேல் உயர்த்தி நிற்பார். அன்றும் அவர் கை உயர்ந்தேயிருந்தது. யான் கோலைப் பார்த்தேனன்றி அக்கையைப் பார்த்திலேன்.

குற்றத்துக்குத் தக்க ஈடு வேண்டும் என்பதற்கு 1891 ஓர் எடுத்துக்காட்டாகும். அவ்வாண்டு இங்கிலாந்தில் நாட்ஸ் கவுன்ட்டிக்கும் ஸ்டோக்குக்கும் நிகழ்ந்த கோப்பைப் போட்டியில், கோலாக வேண்டிய பந்தை நாட்ஸ் ஆட்டக்காரரொருவர் கையால் தடுத்தார். ஸ்டோக்குக்குக் கிடைத்த பிரீ கிக், கோலருகே நெருங்கி நின்றவர்களால் அடைபட்டுப் போயிற்று. தவறிழைத்தவரே வென்றனர். அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம் என்பார் முன்மொழிந்திருந்த பெனால்டி உதை அவ்வாண்டிலேயே விதியாயிற்று. தன் பெனால்டி எல்லையினுள் நேர்முக உதைக்குரிய குற்றஞ் செய்யும் அணிக்கு இன்றும் அதுவே தண்டனை.

வேறொரு நுட்பமும் கருதத்தக்கது. தமக்குக் கிடைத்த பிரீ கிக்கை ஒருவர் தவறித் தம் கோலினுள்ளேயே நேரே உதைத்துவிடின், அது கோலாகாது; எதிரணிக்குக் கார்னர் கிக் மட்டுமே உண்டு. ஈடாகக் கொடுத்தது பெற்றவனுக்கே பெருங்கேடாய் முடியலாகாது என்பது விதியின் நோக்கம் போலும். அவ்வாறே, குற்றத்தின்பின் ஆட்டத்தைத் தொடரவிடுதலே தீங்குற்ற அணிக்கு நன்மையாயின், நடுவர் ஊதாது விடுவார்.

இனி, பயன்படுத்தும் வகை. கோலுக்கு அருகில் எதிரிகள் மதில்போல் நிரையாய் நிற்பர். பந்தின் பக்கத்தை உதைத்துச் சுழலச் செய்தால், அச்சுழற்சி காற்றை ஒருபுறம் தள்ள, பந்து மறுபுறம் வளையும். 1997 ஜூன் 3-ஆம் நாள் பிரான்சின் லியோன் நகரில் பிரேசிலின் ராபர்ட்டோ கார்லோஸ் ஏறத்தாழ 35 மீட்டர் தொலைவிலிருந்து உதைத்த பந்து, மதிலுக்கு வெளியே சென்று வளைந்து, கம்பத்தை உராய்ந்து உட்புகுந்தது. மறைமுக உதையிலோ, ஒருவன் மெல்லத் தொட மற்றொருவன் உதைத்தலே வழி. அன்று தோழன் ஒருவன் என் பக்கத்திலேயே நின்றான். அவன்பால் பந்தைச் சிறிது தள்ளியிருப்பின் ஆட்டம் சமனாயிருக்கக்கூடும்.

மறுநாட் காலை அம்மூத்த மாணவரிடஞ் சென்று பிழை பொறுக்க வேண்டினேன். அவர் நகைத்து, "கை நோகுமளவும் உயர்த்தியிருந்தேனே, தம்பி" என்றார். நமக்கு உரிமையாய்க் கிடைத்ததனைப் பயன்படுத்துமுன் அஃது எத்தகைய உரிமை என அறிதல் வேண்டும். அறியாது இழந்துவிட்டுப் பிறரைப் பழித்தல் அதனினும் பெரும்பிழை என்பதை அன்று உணர்ந்தேன்.