தாய்லாந்து மொழி: காசு கொடுக்கும் முன் புத்தகத்தைப் புரட்டுங்கள்

திருச்சியில் ஜெர்மன் கிளாஸ், ஜப்பானிய கிளாஸ் என்று எல்லோரும் ஒரே பக்கம் ஓடுகிறார்கள். இன்டர்வியூவிலும் அதே சர்டிஃபிகேட்டோடுதான் எல்லோரும் வந்து உட்கார்வார்கள். டூரிசம், ஹோட்டல், ரத்தின வியாபாரம் என்று ஏதாவது ஒன்றில் கால் பதிக்க நினைத்தால் தாய்லாந்து மொழியைப் பிடியுங்கள். பேச்சு, பாங்காக் போனால் தானாக வந்துவிடும். இன்வாய்ஸையும் லேபிளையும் படிக்கத் தெரிந்தவர்தான் கூடுதல் சம்பளம் கேட்க முடியும். ஆகவே எழுத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

1. புத்தகத்தின் நடுப்பக்கத்தைத் திறங்கள். அங்கேயும் பாடம் ஆங்கில எழுத்திலேயே ஓடுகிறதா? கீழே வைத்துவிடுங்கள். ஆங்கில ஸ்பெல்லிங்கை நம்பித்தான் பாதிப் பேர் பூகெட்டை 'ஃபூகெட்' என்கிறார்கள். தாய்லாந்து கிளையன்ட் முன்னால் அப்படிச் சொன்னால் முதல் இம்ப்ரெஷன் காலி.

2. அகரவரிசை அட்டவணை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்க்காரருக்கு லாபமே இதில்தான். மெய்யெழுத்து 44, அதில் இரண்டு வழக்கொழிந்தவை. நடு வகுப்பில் 9, உயர் வகுப்பில் 11, தாழ் வகுப்பில் 24. ஒரு அசையின் டோனைக் கண்டுபிடிக்க முதலில் இந்த வகுப்பு தெரிய வேண்டும். ஆங்கிலேயருக்காக எழுதிய புத்தகங்கள் பெரும்பாலும் இதை உருப்போடச் சொல்லும். ஆனால் பல்லவ எழுத்திலிருந்து கெமர், கெமரிலிருந்து தாய்லாந்து என்று வந்த வரிசை அது. ஸ்ரீரங்கத்தில் கிரந்தமோ தேவநாகரியோ படித்தவர் வர்க்கத்தை அப்படியே பொருத்திப் பார்க்கலாம்: முதல் எழுத்து நடு, இரண்டாவது உயர், மூன்று நான்கு ஐந்து தாழ். ய, ர, ல, வ எல்லாம் தாழ். ஶ, ஷ, ஸ மூன்றும் உயர். இதில் அடங்காத மீதியையும் அவர்கள் பிறகு சேர்த்துக்கொண்ட சில எழுத்துகளையும் மட்டும் தனியாக மனப்பாடம் செய்தால் போதும். உச்சரிப்பு இடைக்காலத்தில் மாறிவிட்டதால் ஆடியோ இல்லாத புத்தகம் வேண்டாம். எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும் உயிர்க்குறிகள் வெள்ளைக்காரரைத் திணறடிக்கும். கொம்பு போட்டுப் பழகிய நமக்கு அது ஒரு விஷயமே இல்லை.

3. எதை வாங்குவது? தானாகப் படிப்பவருக்கு பெஞ்சவன் பூம்சன் பெக்கரின் 'தாய் ஃபார் பிகினர்ஸ்'. உரையாடல் பகுதியில் ரோமன் எழுத்து இருக்கும்; அதை விட்டு எழுத்துப் பயிற்சியை முதலில் முடியுங்கள். மேரி ஹாஸின் 'தி தாய் சிஸ்டம் ஆஃப் ரைட்டிங்' பழசு, வறட்டு நடை, ஆனால் விதிகள் கச்சிதம். டேவிட் ஸ்மித்தின் 'தாய்: ஆன் எசென்ஷியல் கிராமர்' ரெஃபரன்ஸுக்கு, ஆரம்பத்திலேயே வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

அடுத்து மானி பாடநூல். 1978 முதல் 1994 வரை தாய்லாந்துப் பள்ளிக் குழந்தைகள் மானி, அவள் அண்ணன் மானா, தோழர்கள் பிதி, சூஜாய் கதையில்தான் வாசிக்கக் கற்றார்கள். அந்தக் குழந்தைகள் இன்று மேனேஜர் நாற்காலியில் இருக்கும் வயதுக்காரர்கள். மீட்டிங் இடைவேளையில் மானியைப் படித்ததாகச் சொல்லிப் பாருங்கள். விசிட்டிங் கார்டு செய்யாத வேலையை அது செய்யும்.

4. கையால் எழுதுங்கள். பெரும்பாலான எழுத்துகள் ஒரு குட்டிச் சுழியில் தொடங்கும். 'கோ க்வாய்', 'தோ தெக்' என்ற இரண்டுக்கும் அந்தச் சுழி திரும்பும் பக்கம்தான் வித்தியாசம். ஆனால் பாங்காக் கடை போர்டுகளில் பலவற்றில் சுழியே இருக்காது. ஒரு எழுத்து ஆங்கில 'எஸ்' மாதிரியும் இன்னொன்று 'யூ' மாதிரியும் நிற்கும். புத்தகத்தில் இந்த நவீன ஃபான்ட்டுக்கு ஒரு பக்கமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் மெனு கார்டு, போர்டு படங்களை போனில் சேர்த்துவைத்துப் படியுங்கள். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடும் வழக்கம் அங்கே கிடையாது. கண்ணுக்குப் பழக்கம் வேண்டும்.

5. ஸ்ரீரங்கத்துக்காரருக்கு ஒரு ஐஸ்பிரேக்கர் இலவசம். பாங்காக் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் சடங்குக்குத் திரியம்பவாய், திரிபவாய் என்று பெயர். நம் திருவெம்பாவை, திருப்பாவைதான். அதோடு சேர்ந்த ராட்சத ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுபோனது. இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள், லெக்சர் அடிக்காதீர்கள்.

6. ரெஸ்யூமில் 'பேசிக் தாய்' என்று எழுதினால் எச்.ஆர். கண்டுகொள்ளமாட்டார். சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்குத் தாய்லாந்து மொழித் தேர்வு நடத்துகிறது. அதற்குக் குறிவையுங்கள், அதுவரை இன்டர்வியூவுக்கு நீங்களே கையால் எழுதிய ஒரு பக்க சுய அறிமுகத்தைக் கொண்டுபோங்கள்.