கருத்துக் கணிப்பும் மறைந்திருக்கும் கணக்கும்

தேர்தல் வந்துவிட்டால் நம் வீடுகளுக்கு ஊர்ப் பேச்சும் கூடவே வந்துவிடும். தமிழ்நாட்டில் யாருக்கு எத்தனை இடம் என்று தொலைக்காட்சி சொன்ன எண்ணை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பிகளே முகம் திருப்பிக்கொள்கிறார்கள். அந்த எண் எப்படிப் பிறந்தது என்று கேட்பவர் குறைவு.

நான் ரயிலே ஓடாத தீவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரன். கான்கிரீட் ஸ்லீப்பர் கட்டைகளை வாங்கும்போது எல்லாவற்றையும் உடைத்துப் பார்க்க முடியாது. சிலவற்றை எடுத்துத்தான் சோதிப்போம். எந்த நாளில் வார்த்தவை, எத்தனை கட்டைகள், எவ்வளவு பாரம் ஏற்றினோம் என்பதெல்லாம் அறிக்கையில் இருந்தாக வேண்டும். கருத்துக் கணிப்பும் மாதிரிச் சோதனைதான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கேட்கப்பட்டவர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 100ஐ வகுத்தால், பிழை வரம்பு ஏறத்தாழ எத்தனை சதவீதம் என்பது கிடைக்கும். 400 பேர் என்றால் 5. 10,000 பேர் என்றால் 1. (பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.) நம் தீவுத் தொகுதியில் 2019 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் குல்தீப் ராய் சர்மா 1,407 வாக்குகளில் வென்றார். பதிவானவை இரண்டு லட்சத்துச் சொச்சம். வித்தியாசம் ஒரு சதவீதம் கூட இல்லை. 10,000 பேரைக் கேட்டிருந்தாலும் வெற்றி யாருக்கு என்று அடித்துச் சொல்லியிருக்க முடியாது.

எத்தனை பேர் என்பதைவிட எந்தப் பேர் என்பது பெரிது. அமெரிக்காவில் 1936இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் அதிகமான பதில்களைப் பெற்றது. லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களுடையவை. பதில் போடாதவர்களோ பல லட்சம். இதே கேள்வியை நமக்கும் கேட்டுக்கொள்ளலாம். அகில இந்தியக் கணிப்பில் அந்தமானுக்கு நேரே ஓர் '1' இருந்தால், டிக்லிபூரில் யாரைக் கேட்டார்கள்? காம்ப்பெல் பேக்குக் கப்பலேறிப் போனார்களா? வங்காளி, தமிழர், தெலுங்கர், நிக்கோபாரி என்று எந்த விகிதத்தில், எந்த மொழியில் கேட்டார்கள்?

இவற்றைச் சொல்ல வைக்க ஒரு முயற்சி நடந்ததுண்டு. 1998இல் தேர்தல் ஆணையம், கணிப்பை வெளியிடுவோர் மாதிரியின் அளவு, முறை, பிழை வரம்பு, நடத்திய நிறுவனத்தின் பின்னணி ஆகியவற்றையும் வெளியிட வேண்டும் என்றது. அதே உத்தரவில் கணிப்புகளுக்குக் காலத்தடையும் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது; 1999இல் ஆணையம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீரோடு குழந்தையும் போயிற்று என்பேன். பின்னர் வந்த 126ஏ பிரிவு வாக்குச்சாவடிக் கணிப்புகளை எப்போது வெளியிடக் கூடாது என்கிறது; எதைத் திறந்து காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. பிரிட்டனில் 2004இல் தொடங்கிய கணிப்பாளர் மன்றமோ, கேட்ட கேள்விகளையும் முழு அட்டவணைகளையும் உறுப்பினர்கள் வெளியிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது.

வாக்குச் சதவீதத்தை இடங்களாக மாற்றும் படியில்தான் இருட்டு அதிகம். 2014இல் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. பாதிக்கும் குறைவான வாக்குகளில் 39க்கு 37 இடங்களைப் பிடித்தது. நான்கில் ஒரு பங்கை ஒட்டி வாக்குப் பெற்ற தி.மு.க.வுக்கு ஓரிடமும் இல்லை. சதவீதத்தில் சிறு பிசகு நேர்ந்தாலும் இடக்கணக்கு எங்கோ போய்விடும். 2024இல் பல கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன, கிடைத்தது 293. ஆகவே இடங்களை மட்டும் சொல்லி வாக்குச் சதவீதத்தைச் சொல்லாத கணிப்பை நான் எங்கள் வீட்டில் வாசிக்க விடுவதில்லை.